விழிக்க வைக்கும் விஷம்: ஊக்கப் போதை மருந்துகளின் விளைவுகளும் அபாயங்களும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் வந்தபோது, நீராவி டர்பைன் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். நெய்வேலிக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போய் வந்த குறிப்புகள் கையில் இருந்தன. பாதி எழுதியும் விட்டேன். அதற்குள் என் பெஞ்ச் நண்பன் ஒருவனுக்கு நேர்ந்தது என்னை வேறு தலைப்புக்கு இழுத்து வந்துவிட்டது. டர்பைனைப் பற்றிப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதைப் பற்றி நமக்குச் சொல்ல ஆள் இல்லை. அவன் சம்மதத்தோடு, அவன் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

போதை என்பது என்ன?

போதை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது யார்? தள்ளாடி நடப்பவர், வாய் குழறுபவர், ரோட்டோரம் விழுந்து கிடப்பவர். திருக்குறளில் 93-ஆம் அதிகாரமே ‘கள்ளுண்ணாமை’தான். அந்தக் காலத்தில் ஊருக்குத் தெரிந்தது மயக்கும் போதை. இன்று நாம் பேச வேண்டியது அதற்கு நேர் எதிரானது: எழுப்பும் போதை.

இதைப் போட்டவன் தள்ளாட மாட்டான். வாயில் வாடை வராது. விடிய விடிய விழித்திருப்பான், கடகடவென்று பேசுவான், பசி என்று சொல்ல மாட்டான். வீட்டில் உள்ளவர்கள், “பையன் திருந்திட்டான், ராத்திரி பூரா படிக்கிறான்” என்று சந்தோஷப்படுவார்கள். போட்டவனும் இதைப் போதை என்று நினைப்பதில்லை, ‘மருந்து’ என்றுதான் நினைக்கிறான். முதல் ஆபத்தே இந்த நினைப்புதான்.

நரம்பு மண்டலத்தைத் தூண்டி விடும் இந்தப் பொருட்களை ஊக்கிகள் என்பார்கள். கோகெய்ன், ஆம்ஃபெட்டமின், மெத்ஆம்ஃபெட்டமின், எம்.டி.எம்.ஏ. ஆகியவை இதில் கொடியவை. மெத்ஆம்ஃபெட்டமினுக்கு ‘மெத்’, ‘கிரிஸ்டல்’, ‘ஐஸ்’ என்றெல்லாம் பட்டப்பெயர் உண்டு. நம் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் என்றால் மீன் கெடாமல் இருக்கப் போடுவது. இந்த ஐஸ் மனிதனைக் கெடுப்பதற்கென்றே வந்தது.

டாக்டர் சீட்டோடு மட்டும் தர வேண்டிய ஊக்கிகளும் உண்டு. கவனக்குறைவு நோய்க்கு மெதில்ஃபெனிடேட், பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்க்கு மோடஃபினில், ஆபரேஷன் சமயத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் தூக்கி நிறுத்த மெஃபன்டெர்மின் ஊசி. நோயாளிக்கு மருந்தாக இருப்பது, நோயில்லாதவன் தானாக எடுத்துக்கொண்டால் விஷமாகிறது.

என் நண்பனின் கதை

என் நண்பன் கடலூர்க்காரன். அப்பா படகில் தொழிலுக்குப் போனவர், முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். இவன் அதிகாலை 2 மணிக்குத் துறைமுகம் போய் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டு லோடு ஏற்றுவான். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு பஸ் பிடித்துக் காலேஜ் வருவான். முதல் பீரியடிலேயே டிராயிங் போர்டு மேல் தலை சாயும். இரண்டு அரியர். இந்த நிலையில் கூட லோடு ஏற்றும் ஒருத்தர் இரண்டு மாத்திரையைக் கையில் வைத்தார். “லாங் போற டிரைவருங்க எல்லாம் போடுறதுதான் தம்பி, தூக்கமே வராது.”

முதல் நாள் அவனுக்குச் சொர்க்கம். களைப்பு போன இடம் தெரியவில்லை. “உலகத்தையே தூக்கிடலாம் போல இருக்குடா” என்றான். வாரத்துக்கு ஒன்று தினம் ஒன்றாகி, தினம் மூன்றானது. மூன்று மாதத்தில் சட்டை தொளதொள என்று ஆகிவிட்டது. மாத்திரைக்குக் காசு தீர்ந்ததும் பரீட்சை ஃபீஸ் பணத்தில் கை வைத்தான்.

போர்டு எக்ஸாம் வந்தது. தெர்மல் இன்ஜினியரிங் பேப்பருக்கு அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினான். வெளியே வந்து, “இந்தத் தடவை எண்பதுக்குக் கொறையாது” என்று தோளைத் தட்டினான். ரிசல்ட் வந்தபோது ஃபெயில். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கேள்விக்கு மூன்று இடத்தில் பதில் எழுதியிருந்தான். மூன்றும் ஒரே பதில். மற்ற கேள்விகளைத் தொடவே இல்லை. அவனுக்கோ எல்லாம் எழுதி முடித்ததாகத்தான் ஞாபகம்.

அதன்பிறகு பேச்சே மாறிவிட்டது. ஒருநாள் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது என் காதில் சொன்னான்: “பின் சீட்டுல இருக்கிறவன் ஓ.டி.யிலிருந்து என்னைத்தான் ஃபாலோ பண்றான்.” திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரியவர், மடியில் பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டு ஜன்னலுக்கெல்லாம் நியூஸ் பேப்பர் ஒட்டினான். அவன் அம்மா ஒரு நாள் எனக்குப் போன் செய்து அழுதார்கள்: “தம்பி, அவன் நாலு நாளா தூங்கல. சோத்துல மருந்து வச்சிட்டேன்னு என்னையே சொல்றான்ப்பா.”

நண்பர்களே, மாத்திரை விஷயம் எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும். காட்டிக் கொடுக்கக் கூடாது, அதுதான் நட்பு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த அம்மாவிடம், “எனக்கு முன்னாலயே தெரியும்மா” என்று சொல்ல நேர்ந்தது. அதற்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்கம்பக்கத்தில் காத்து கருப்பு, மந்திரிக்கணும் என்றார்கள். நாங்கள் நேரே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். “என்ன மாத்திரை போட்டே?” என்று டாக்டர் கேட்டார். அவனுக்கே தெரியவில்லை. அட்டையில்லாமல் காகிதத்தில் மடித்துத் தந்ததை விழுங்கியவனுக்கு என்ன தெரியும்? “இது பேயும் இல்ல, பில்லி சூனியமும் இல்ல. ஊக்க மருந்து மூளையில பண்ற வேலை. சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க, பெரும்பாலும் சரியாயிடும்” என்றார் டாக்டர்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் பாடத்தின் மொழியிலேயே பார்ப்போம். மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல டோபமைன் என்ற ரசாயனத்தைச் சிறிதளவு வெளியே விடும். நல்ல சாப்பாடு, ஜெயித்த மேட்ச், வாத்தியார் சொன்ன ‘வெரிகுட்’ எல்லாவற்றிலும் வரும் சந்தோஷத்துக்கு இதில் பங்குண்டு. வேலை முடிந்ததும் வெளியே விட்ட டோபமைனைச் செல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதை ரிட்டர்ன் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோகெய்ன் அந்த ரிட்டர்ன் லைனை அடைத்துவிடுகிறது. வெளியே போன டோபமைன் தேங்கி நிற்கிறது. மெத்ஆம்ஃபெட்டமின் இன்னும் மோசம். அது செல்லுக்குள்ளேயே நுழைந்து, ஸ்டோரில் இருப்பதைக் கொட்டி, ரிட்டர்ன் பம்பையே எதிர்த்திசையில் ஓட்டுகிறது. அந்த வெள்ளம்தான் ‘உலகத்தையே தூக்கலாம்’ என்ற உணர்வு. வெள்ளம் வடிந்தால் தொட்டி காலி. அதனால்தான் மறுநாள் சோர்வு, எரிச்சல், அழுகை, வாழ்க்கையே வெறுத்துப் போகிறது. அதைப் போக்க அடுத்த மாத்திரை. மூளையும் தன்னைக் காத்துக்கொள்ள டோபமைனைப் பெறும் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போகிறது. கந்து வட்டிக்குக் கடன் வாங்கினவன் கதைதான்: வட்டி கட்டவே புதுக் கடன்.

இதோடு நார்அட்ரினலினும் அதிகமாகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தமும் உடல் சூடும் ஏறுகின்றன. மெத்ஆம்ஃபெட்டமின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி 10 மணிக்குப் போட்டது காலை பரீட்சை ஹாலுக்கும் கூடவே வருகிறது.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். களைப்பு என்பது பழுது அல்ல, அது ஃபியூஸ். லோடு அதிகமானால் வயரிங்கைக் காப்பாற்ற ஃபியூஸ் போகும். ‘அடிக்கடி போகுதே’ என்று அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி விட்டால் விளக்கு என்னவோ எரியும். அடுத்து எரிவது வீடு. ஊக்க மாத்திரை உடம்புக்குச் சக்தி எதுவும் தருவதில்லை, ஃபியூஸைத்தான் கழற்றுகிறது.

விளைவுகள்

1. இதயம்: தாறுமாறான துடிப்பு, மாரடைப்பு. இருபது வயதிலும் வரும். முதல் தடவையிலேயே வரலாம்.

2. மூளை: ரத்தக்குழாய் வெடித்து அல்லது அடைத்துப் பக்கவாதம், வலிப்பு.

3. உடல் சூடு: வெயிலிலும் விளையாட்டிலும் உடம்பு கொதித்து, தசை சிதைந்து, சிறுநீரகம் செயலிழக்கும். சித்திரை வெயிலில் நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

4. மனம்: தூக்கமின்மை, படபடப்பு, சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, தோலுக்கடியில் பூச்சி ஊர்வது போன்ற உணர்வு. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக் கொள்வார்கள். விட்ட பின் கடும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம்.

5. வெளித்தோற்றம்: எடை குறைவு, வாய் உலர்ந்து பல் சொத்தை, ஒட்டிய கன்னம்.

6. ஊசி வழியே எடுத்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள்.

வரலாறு சொல்லும் பாடம்

ஆம்ஃபெட்டமினை 1887-இல் பெர்லினில் ருமேனிய விஞ்ஞானி லாசர் எடலேனு தயாரித்தார். ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷி 1893-இல் மெத்ஆம்ஃபெட்டமினை உருவாக்கினார். 1938-இல் ஜெர்மனியில் அது ‘பெர்விட்டின்’ என்ற மாத்திரையாகக் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் தூங்காமல் முன்னேற லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். சிப்பாய்கள் துவண்டு போவதைக் கண்டு 1941-இல் அவர்களே கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள்.

ஜப்பானில் ‘பிலோப்பான்’ என்ற பெயரில் ராணுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் போன அதே சரக்கு, போர் முடிந்ததும் மக்கள் மத்தியில் புகுந்தது. 1951-இல் அந்நாடு தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. 1954-இல் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைது. நைட் ஷிப்ட் தொழிலாளியும் மாணவனும் சிக்கிய பழைய வலைதான் இது. விளையாட்டு உலகமும் தப்பவில்லை. 1967 ஜூலை 13 அன்று, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மோன் வான்டூ மலையேற்றத்தில் டாம் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் வீரர் சுருண்டு விழுந்து இறந்தார். கடும் வெயில். உடலில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் இருந்தன. போட்டவருக்குக் களைப்பு தெரியவில்லை, இதயத்துக்குத் தெரிந்தது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரு மியான்மர் மீன்பிடிப் படகிலிருந்து இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்த மெத்ஆம்ஃபெட்டமின் சுமார் 6,000 கிலோ. தேவனாம்பட்டினத்தில் நாம் கால் நனைக்கிறோமே, அந்த வங்காள விரிகுடாவை ஒட்டிய கடல்தான் அது. அதே ஆண்டு பிப்ரவரியில் டெல்லியில் சூடோஎஃபிட்ரின் 50 கிலோ பிடிபட்டது. மூக்கடைப்பு மருந்தான அதுதான் மெத் தயாரிக்கும் மூலப்பொருள். சத்துமாவு, தேங்காய்த்துருவல் பொதிகளில் மறைத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பியதாகப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு சொன்னது. கைதானவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்தவும் கூடாது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கைப்படி, இந்தியாவில் ஆம்ஃபெட்டமின் வகையை எடுப்போர் 0.18 சதவீதம், கோகெய்ன் 0.10 சதவீதம். ஆக, ‘எல்லாரும் போடுறாங்க’ என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். போடாதவர்கள்தான் மிகப் பெரும்பான்மை.

பரீட்சைக்கு உதவுமா?

நம்மில் பலருக்கும் உள்ள சந்தேகம் இதுதான். 2023-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 40 பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் ஊக்க மருந்து கொடுத்து, ஒரு பைக்குள் எடை மிஞ்சாமல் அதிக மதிப்புள்ள பொருட்களை எப்படி நிரப்புவது என்ற கணக்கைப் போடச் சொன்னார்கள். மருந்து எடுத்தபோது அதிக நேரம், அதிக முயற்சி எடுத்தார்கள். ஆனால் யோசனையின் தரம் குறைந்தது. என் நண்பனின் விடைத்தாளைப் பார்த்த எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

காரணமும் எளிது. படித்தது மனதில் நிலைப்பது தூக்கத்தில்தான். தூங்காமல் படிப்பது, ஃபைலை டைப் செய்துவிட்டு ‘சேவ்’ பண்ணாமல் கம்ப்யூட்டரை அணைப்பது போல.

சின்ன வாசல்கள்

யாரும் ஒரே நாளில் ‘ஐஸ்’ஸுக்குப் போவதில்லை. வாசல்கள் சின்னவை. மேலவீதியில் டீ குடிப்பதைக் குறை சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் பொதுவாக ஆபத்தில்லை என்கிறார்கள். எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்க இந்தியாவில் அனுமதி உண்டு. அதை டீ டிகாக்ஷனோடு சேர்த்து ராத்திரி முழுக்க ஊற்றினால் படபடப்புதான் மிச்சம்.

குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. ஆனாலும் உதட்டுக்கடியில் வைக்கும் பொட்டலம் பெஞ்சுக்கு அடியில் கை மாறுகிறது. நிகோட்டினும் ஊக்கிதான். கொட்டைப் பாக்கே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது.

ஜிம்முக்குப் போகும் நண்பர்களுக்கு: ‘பம்ப் ஏத்துற ஊசி’ என்று யாராவது மெஃபன்டெர்மினை நீட்டினால், அது ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் கையில் இருக்க வேண்டிய மருந்து என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டப்படி மெத்ஆம்ஃபெட்டமினில் 2 கிராம் வரை ‘சிறிய அளவு’. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 50 கிராமைத் தாண்டினால் ‘வணிக அளவு’: குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு, அபராதம் 1 லட்சத்திலிருந்து. ‘ஃப்ரெண்டுக்காகப் பையில வச்சிருந்தேன்’ என்பது கோர்ட்டில் எடுபடாது. கேப்பர் மலை ஜெயில் மதிலைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து பார்க்க வேண்டாம்.

ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு நல்ல பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. 64-ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்தியது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கில், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்குத் தொடர்வதிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை ரத்து செய்யலாம். சட்டமே கை நீட்டும்போது நாம் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

மீள வழி உண்டா?

உண்டு. மெத்ஆம்ஃபெட்டமின் பழக்கத்தை ஒரே மாத்திரையில் மாற்றும் மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. மனநல ஆலோசனை, பழக்கம் மாற்றும் பயிற்சி, குடும்பத்தின் துணை ஆகியவையே சிகிச்சை. பொறுமை வேண்டும். கணவரைக் குடிப்பழக்கத்துக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, ஆயிரக்கணக்கானவர்களை மீட்டது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நமக்குப் பக்கத்திலேயே அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன. போதை மீட்புக்குத் தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104.

நண்பன் ஒருவன் மாத்திரை போட்டு நெஞ்சு வலி, வலிப்பு, கொதிக்கும் உடம்பு, வெறித்த பேச்சு என்று இருந்தால்: உடனே 108. தனியாக விடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்து ஈரத்துணியால் துடையுங்கள். வாதம் செய்யாதீர்கள், கட்டிப் போடாதீர்கள். என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். உங்கள் பொய் அவன் உயிருக்கு ஆபத்து.

முடிவாக...

என் நண்பன் மாத்திரையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. முதல் சில வாரம் தூங்கிக்கொண்டே இருந்தான். பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். “சாப்பாடு ருசிக்க ஆரம்பிச்சதே ஆறு மாசம் கழிச்சுதான்டா” என்று போன வாரம் சொன்னான். துறைமுக வேலையைச் சாயங்கால நேரத்துக்கு மாற்றிக்கொண்டான். துறைத் தலைவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, சனிக்கிழமைகளில் தனியாகப் பாடம் எடுக்கிறார். தெர்மல் பேப்பரை வருகிற ஏப்ரலில் மறுபடி எழுதப் போகிறான். ராத்திரி 9 மணிக்குப் படுத்துவிடுகிறான்!

ஆண்டுதோறும் மைதானத்தில் வரிசையாக நின்று, கை நீட்டிப் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். போன வருடம் அவனும் எடுத்தான், பாக்கெட்டில் மாத்திரையோடு. பக்கத்தில் நின்று நானும் எடுத்தேன், வாயைத் திறக்காமல். இரண்டு பேருமே அன்று பொய் சொன்னவர்கள்தான்.

ஆகவே நண்பர்களே, இந்த மலரை மூடுவதற்குள் ஒன்று செய்யுங்கள். உங்கள் பெஞ்சில், உங்கள் ரூமில், உங்கள் பஸ்ஸில் சில நாளாகத் தூங்காமல், சாப்பிடாமல், மெலிந்து, சம்பந்தமில்லாமல் பேசும் நண்பன் யாராவது இருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே அவன் தோளில் கை போட்டுக் கேளுங்கள். அவன் மறுத்தால் அவன் வீட்டிலோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அது காட்டிக் கொடுப்பது ஆகாது. நான் மூன்று மாதம் தாமதமாகக் கற்ற பாடம் இது. நீங்கள் தாமதிக்காதீர்கள்!

விழித்திருப்போம், மாத்திரையால் அல்ல, அறிவால்!